தூக்கிய ஹைலக்ஸுக்கு வீட்டுப் போர்ச்சிலேயே அலைன்மென்ட் பார்ப்பது

கேள்வி இது: புக்கிட் மெர்தாஜாமில் ஒருவர் தம் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் சஸ்பென்ஷனை 2 அங்குலம் தூக்கி, 265/70 ஆர் 17 டயர் மாட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு பினாங்கு பாலத்தில் பக்கக் காற்று அடித்தால் வண்டி அலைகிறது, வளைவு முடிந்த பிறகும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவதில்லை. டயர் கடையில் இரண்டு முறை அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) செய்தும் மாற்றம் இல்லை. வீட்டிலேயே அளந்து பார்க்க முடியுமா, முடியுமென்றால் எதை அளப்பது?

முடியும். சொல்லியிருக்கும் அறிகுறியை வைத்துப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டோ அல்ல, கேஸ்டர். சக்கரங்களை மேலிருந்து பார்த்தால் முன்பக்கம் உள்ளே கூடுகிறதா, வெளியே விரிகிறதா என்பது டோ. முன்னாலிருந்து பார்க்கையில் சக்கரம் சாய்ந்திருப்பது கேம்பர்; மேல் பக்கம் வெளியே சாய்ந்தால் பிளஸ், உள்ளே சாய்ந்தால் மைனஸ். பக்கவாட்டிலிருந்து பார்க்கையில் சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அந்த அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பது கேஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். அந்தச் சாய்வுதான் ஸ்டீயரிங்கை நேருக்கு இழுத்து வருகிறது. பல டயர் கடைகளில் டோவை மட்டும் திருத்தி அனுப்பிவிடுவார்கள், ஏனென்றால் அது பத்து நிமிட வேலை. கேஸ்டர் குறைந்து கிடக்கும் வண்டியில் டோவை எத்தனை முறை திருத்தினாலும் அலைச்சல் போகாது.

தூக்கும்போது என்ன நடக்கிறது? முன் சஸ்பென்ஷனின் மேல் கை, கீழ்க் கை, டை ராடு (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) மூன்றும் முன்பைவிடச் சரிவாகத் தொங்குகின்றன. மூன்றின் நீளமும் வேறு வேறு என்பதால், ஒவ்வொன்றின் வெளி முனையும் வேறு வேறு அளவுக்கு உள்ளே இழுபடுகிறது. அதனால்தான் டோவும் கேம்பரும் இடம் மாறுகின்றன. இந்த வகை பிக்கப்களில் கேஸ்டர் பெரும்பாலும் குறையவே செய்யும். இதில் பலரும் கவனிக்காத இன்னொன்று பின்பக்க உயரம். ஹைலக்ஸின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம், 3085 மி.மீ. முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை 50 மி.மீ. கூடுதலாக உயர்த்திவிட்டால், வண்டி மொத்தமும் 0.9 டிகிரி முன்னால் கவிழ்கிறது. கேஸ்டரிலிருந்து அந்த 0.9 டிகிரி அப்படியே கழிந்துபோகும். கனமான பின் லீஃப் (பட்டை ஸ்பிரிங்) போட்டு, பின்னால் சுமையே ஏற்றாமல் ஓட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அளவு நாடாவை எடுப்பதற்கு முன் சில வேலைகள் இருக்கின்றன. இவற்றை விட்டுவிட்டு அளந்தால் கிடைப்பது வெறும் எண்தான்.

முதலாவது புஷ், அதாவது கைகளும் லீஃபும் போல்ட்டில் பொருந்தும் இடத்து ரப்பர் உருளை. கீழ்க் கையின் போல்ட்டுகள், பின் லீஃபைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் போல்ட்டுகள் எல்லாம் வண்டியின் எடை சக்கரத்தில் நிற்கும்போதுதான் இறுக்கப்பட வேண்டும். ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கியிருந்தால், வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு நிற்கும். உயரம் பொய்யாகக் கூடித் தெரியும், சில மாதங்களில் ரப்பர் கிழியும். லிஃப்ட் கிட் மாட்டிய பட்டறையில் இதை எப்படிச் செய்தார்கள் என்று தெரியாவிட்டால், வண்டி தரையில் நிற்கும் நிலையில் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியை ஆட்டிவிட்டு, கையேட்டில் உள்ள டார்க்குக்கு (இறுக்கும் விசை அளவு) மறுபடி இறுக்குங்கள். கேம் போல்ட்டாக (திருப்பினால் கையை உள்ளேயோ வெளியேயோ நகர்த்தும் போல்ட்) இருந்தால் தளர்த்துவதற்கு முன் அதன் இருப்பிடத்தைப் பெயின்டால் கோடு போட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது ஆட்டம். கீழ்க் கைக்கு அடியில் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து எடுத்து, சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்த பிறகு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தட்டினால் பால் ஜாயின்ட் (கையின் வெளி முனையிலுள்ள உருண்டை மூட்டு) அல்லது வீல் பேரிங். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது தட்டினால் டை ராடு முனை. ஆட்டம் இருக்கும் வண்டியில் அலைன்மென்ட் செய்வது தண்ணீரில் கோடு போடுவது மாதிரி. பழுதை மாற்றிவிட்டு வாருங்கள்.

மூன்றாவது டயர் காற்றும் உயரமும். காலை வெயில் ஏறுவதற்கு முன் அளப்பது நல்லது. போர்ச்சில் ஒரு பக்கம் மட்டும் வெயில் விழுந்தால் அந்தப் பக்கத்து டயர் சூடாகி அழுத்தம் கூடும். நான்கு சக்கரத்திலும் ஹப் (சக்கரத்தின் மையப் பகுதி) நடுவிலிருந்து ஃபெண்டர் வளைவு வரை அளந்து எழுதிவையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் அதில் கலந்துவிடும். இடத்துக்கும் வலத்துக்கும் 6 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலில் ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும்.

இப்போது தரை. நம் ஊர்த் தொடர் வீடுகளின் போர்ச், மழைத் தண்ணீர் வடிவதற்காகக் கேட்டுப் பக்கமாகச் சரித்தே போடப்பட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, அளவில் தெரியும். முகம் வீட்டைப் பார்க்க நிறுத்தினால் வண்டியின் மூக்கு உயர்ந்து நிற்கும், கேஸ்டர் உள்ளதைவிட நல்லதாகக் காட்டும். வீல்பேஸ் தூரத்துக்கு 30 மி.மீ. சரிவு என்றால் பிழை 0.55 டிகிரி. இடவலச் சரிவு கேம்பரைக் கெடுக்கும்: 1500 மி.மீ. அகலத்தில் 5 மி.மீ. ஏற்றத்தாழ்வு 0.19 டிகிரி.

இதற்குக் கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாயைவிடச் சிறந்த கருவி கிடையாது. 8 மி.மீ. தெளிந்த பிளாஸ்டிக் குழாய் 7 மீட்டர் போதும், எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, நான்கு சக்கரமும் நிற்கப்போகும் இடங்களின் உயரத்தை ஒப்பிடுங்கள். தாழ்ந்த இடத்தில் பிளைவுட் துண்டு, பழைய தரை டைல், வினைல் அட்டை என்று அடுக்கி 1 மி.மீ.க்குள் கொண்டுவாருங்கள். அந்த நான்கு இடத்தையும் தரையில் பெயின்டால் குறித்துவைத்தால் அடுத்த முறை அரை மணி நேரம் மிச்சம். கோலாலம்பூரில் காண்டோவில் இருப்பவர்களுக்கு இது கொஞ்சம் சிரமம்தான். பேஸ்மென்ட்டின் தரையும் வடிகாலை நோக்கிச் சரிந்திருக்கும். சரிவான பாதைக்குப் பக்கத்துப் பார்க்கிங்கை விட்டு, நடுவில் உள்ள இடமாகத் தேடுங்கள்.

வண்டியை அந்த இடத்துக்கு ஓட்டித்தான் கொண்டுவர வேண்டும், ஜாக்கியிலிருந்து அப்படியே இறக்கக் கூடாது. இறக்கிய சக்கரம் அகல முடியாமல் தரையில் பிடித்துக்கொண்டு நிற்கும், டோவும் கேம்பரும் தப்பாகக் காட்டும். குறைந்தது 5 மீட்டர் பின்னால் போய் முன்னால் வந்து, முன்னும் பின்னும் இரண்டு மூன்று தடவை அழுத்தி ஆட்டிவிட்டு அளக்கத் தொடங்குங்கள்.

டோவுக்கு இரண்டு பக்கமும் நூல் கட்டும் முறையைத்தான் நான் பரிந்துரைப்பேன். டயரின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் நாடாவால் அளந்து கழிக்கும் முறை ஹைலக்ஸில் சரிப்படாது. ஹப் உயரத்தில் இஞ்சினும் டிஃபரென்ஷியலும் குறுக்கே நிற்கின்றன. அதோடு, அந்த முறை பின் அச்சு நேராக இருக்கிறதா என்று சொல்லவே சொல்லாது.

2.3 மீட்டர் நீள அலுமினியக் குழாய் இரண்டு வாங்குங்கள். இரண்டிலும் 2.2 மீட்டர் இடைவெளியில் இரண்டு வெட்டுகள் போடுங்கள். அந்த இடைவெளி இரண்டு குழாயிலும் துல்லியமாக ஒன்றாக இருப்பதுதான் முக்கியம், 2.2 என்ற எண் அல்ல. ஒன்றை முன் பம்பருக்கு முன்னாலும் இன்னொன்றைப் பின் பம்பருக்குப் பின்னாலும் ஹப் உயரத்தில் ஸ்டாண்டில் வைத்து, வெட்டுகளில் கொத்தனார் நைலான் நூலை இழுத்துக் கட்டுங்கள். இரண்டு நூலும் இணையாகிவிட்டன. இனி குழாய்களைப் பக்கவாட்டில் நகர்த்தி, முன் ஹப் நடுவிலிருந்து இடது நூலுக்கும் வலது நூலுக்கும் உள்ள தூரத்தைச் சமமாக்குங்கள். பின் ஹப்புக்கும் அப்படியே. முன் ஹப் தூரமும் பின் ஹப் தூரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் முன் டிராக்கும் பின் டிராக்கும் (இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம்) ஒரே அளவல்ல.

ஸ்டீயரிங்கை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை திருப்பி, சுற்றுகளை எண்ணி, பாதியில் நிறுத்தி, சீட்டோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். பிறகு எஃகு ஸ்கேலால், நூலிலிருந்து ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அரை மி.மீ. வரை படியுங்கள். முன் விளிம்பு நூலிலிருந்து அதிக தூரத்தில் இருந்தால் அந்தச் சக்கரம் டோ-இன். நூலைத் தொடாமல் படிக்க வேண்டும். ஸ்கேல் நூலைத் தள்ளினால் எல்லாம் வீண்.

ஓர் எடுத்துக்காட்டு. வலது முன் சக்கரத்தில் முன் விளிம்பு 183.5, பின் விளிம்பு 182.0. இடதில் முன் 181.0, பின் 182.0. வலது 1.5 உள்ளே, இடது 1.0 வெளியே, மொத்தம் 0.5 மி.மீ. டோ-இன். இது ரிம் அளவு. 17 அங்குல ரிம்மின் விளிம்பு ஏறத்தாழ 470 மி.மீ., உங்கள் டயரின் விட்டம் 803 மி.மீ. ஆக 1.7-ஆல் பெருக்கினால் டயர் அளவில் 0.85 மி.மீ. மொத்தக் கணக்கு பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு சக்கரமும் இடது பக்கமே பார்க்கின்றன. இந்த வண்டி நேராகப் போகும்போது ஸ்டீயரிங் வலது பக்கம் சாய்ந்து நிற்கும். டயர் கடை மெஷின் தரும் தாளில் எல்லாம் பச்சை, கையில் ஸ்டீயரிங் கோணல் என்ற புகார்களில் பாதி இப்படித்தான் வருகின்றன.

டோ ஏன் முக்கியம் என்றால், மொத்தம் 5 மி.மீ. தவறாக இருந்தால் ஒவ்வொரு முன் டயரும் கிலோமீட்டருக்கு 3 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு 350 கி.மீ. என்று வைத்தால், ஒரு பயணத்தில் டயர் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தாரில் தேய்த்துக்கொண்டு போயிருக்கிறது. மட் டெர்ரெய்ன் (சேற்றுப் பாதை) டயரின் விலையை நினைத்தால் மனம் பதறும்.

நூல் கட்டியிருக்கும்போதே பின் சக்கரங்களையும் படித்துவிடுங்கள். முழு அச்சு என்பதால் இரண்டும் பூஜ்யத்தைச் சுற்றியே இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் பார்த்தால் அச்சே கோணலாக உட்கார்ந்திருக்கிறது. லீஃப் மாற்றும்போது அதன் நடு போல்ட்டின் தலை அச்சிலுள்ள குழியில் சரியாக உட்காராமல் யூ-போல்ட் இறுக்கப்பட்டிருக்கலாம். முன் ஹப்பிலிருந்து பின் ஹப் வரையுள்ள தூரத்தை இரண்டு பக்கமும் அளந்து ஒப்பிட்டால் இது உறுதியாகும். இதைத் திருத்தாமல் முன்பக்கத்தைத் தொடவே கூடாது.

கேம்பருக்குக் காந்தம் உள்ள டிஜிட்டல் ஆங்கிள் கேஜ், 0.1 டிகிரி காட்டுவது போதும். அலுமினியக் குழாய்த் துண்டு ஒன்றின் இரு முனையிலும் சம உயரமுள்ள போல்ட் மாட்டி, அந்தப் போல்ட்டுகள் ரிம்மின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தொடும்படி நிறுத்துங்கள். குழாயையே நேராகச் சாய்த்தால் டயரின் கீழ்ப்புடைப்பு இடிக்கும். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது என்பதால் கேஜை டேப் போட்டு ஒட்டுங்கள். கேஜ் இல்லையென்றால் தூக்கு நூல் போதும்: 470 மி.மீ. உயரத்தில் மேலுக்கும் கீழுக்கும் 8.2 மி.மீ. வித்தியாசம் என்றால் 1 டிகிரி. காட்டில் அடி வாங்கிய ரிம்மாக இருந்தால், சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, ஒரு பேனாவை விளிம்பருகே பிடித்து நெளிவைப் பாருங்கள். நெளிவு இருந்தால், கேம்பர் படிக்கையில் அந்தப் புடைத்த இடம் முன்னாலோ பின்னாலோ இருக்கட்டும். டோ படிக்கையில் மேலேயோ கீழேயோ இருக்கட்டும்.

கடைசியாகக் கேஸ்டர். இதை நேரடியாக அளக்க முடியாது. சக்கரத்தைத் திருப்பும்போது கேம்பர் எவ்வளவு மாறுகிறது என்பதிலிருந்து கணக்கிட வேண்டும். சக்கரம் தடையில்லாமல் திரும்ப, முன் சக்கரங்களுக்கு அடியில் இரண்டு டைல்களை வழவழப்பான பக்கம் ஒன்றையொன்று பார்க்க வைத்து, நடுவில் கிரீஸ் தடவுங்கள். மேல் டைல் மெல்லியதாக இருந்தால் உடையும், அதற்குப் பதில் 3 மி.மீ. அலுமினியத் தகடு வைக்கலாம். முன்னால் எவ்வளவு உயர்ந்ததோ அதே அளவு பின் சக்கரங்களுக்கும் கொடுக்க வேண்டும். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பிரேக் பெடலைச் சீட்டுக்கும் பெடலுக்கும் இடையே ஒரு குச்சியால் அழுத்திப் பூட்டிவிடுங்கள். சக்கரம் உருண்டால் அளவு போச்சு.

இப்போது ஒரு சக்கரத்தை, அதன் முன்பக்கம் வண்டியை விட்டு விலகும்படி, 20 டிகிரி வெளிப்பக்கம் திருப்பிக் கேம்பரைப் படியுங்கள், பிறகு 20 டிகிரி உள்பக்கம் திருப்பிப் படியுங்கள். 20 டிகிரிக்குக் கோணமானி இல்லாவிட்டால், 1000 மி.மீ. நேராகப் போய் 364 மி.மீ. பக்கவாட்டில் போகும் கோட்டைத் தரையில் வரைந்துகொள்ளலாம். வெளிப்பக்க அளவிலிருந்து உள்பக்க அளவைக் கழித்து 1.46-ஆல் பெருக்கினால் கேஸ்டர். வெளியே திருப்பும்போது +1.0, உள்ளே திருப்பும்போது −0.2 என்றால் வித்தியாசம் 1.2, கேஸ்டர் 1.75 டிகிரி. அலைகிற வண்டிகளில் இந்த மாதிரி எண்தான் வரும். ஒரே ஸ்டீயரிங் திருப்பத்தில் இரண்டு சக்கரமும் 20 டிகிரி திரும்பாது என்பதால், ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியே செய்ய வேண்டும்.

எதை நோக்கித் திருத்துவது? உங்கள் மாடலின் கையேட்டு எண்தான் அடிப்படை. 50 மி.மீ. தூக்கிய பிக்கப்புக்கு நான் வைத்துக்கொள்ளும் இலக்கு: கேஸ்டர் 2.5 முதல் 3.5 டிகிரி, கேம்பர் பூஜ்யத்திலிருந்து −0.5 வரை, மொத்த டோ-இன் டயர் அளவில் 1 முதல் 2 மி.மீ. இடவல வித்தியாசம் அரை டிகிரிக்குள் இருக்கட்டும். நம் சாலைகள் இடது ஓரமாகச் சரிந்திருப்பதால், இடது கேஸ்டர் வலதைவிட 0.2, 0.3 கூடியிருந்தால் நல்லதுதான். வண்டி கேஸ்டர் குறைந்த பக்கம் இழுக்கும், அது சாலைச் சரிவை ஈடுகட்டும்.

கீழ்க் கையில் கேம் போல்ட் உள்ள வண்டியில், முன் கேமை உள்ளே, பின் கேமை வெளியே தள்ளினால் கீழ் பால் ஜாயின்ட் முன்னால் போகும், கேஸ்டர் கூடும். இரண்டையும் ஒரே அளவு வெளியே தள்ளினால் கேம்பர் மைனஸ் பக்கம் போகும். முதலில் கேஸ்டர், அடுத்து கேம்பர், கடைசியில்தான் டோ. முதல் இரண்டில் எதை அசைத்தாலும் டோ மாறும், டோவை அசைத்தால் அவை மாறுவது மிகச் சொற்பம். கேம் கோடியைத் தொட்டும் 2.5 வரவில்லையென்றால் இனி திருத்த இடமில்லை, கேஸ்டர் கூட்டித் தரும் மேல் கை வாங்க வேண்டியதுதான். கேம் போல்ட் அசையவே மறுத்தால் பலம் போடாதீர்கள். கடற்கரைக்கும் சேற்றுக்கும் போகிற வண்டிகளில் போல்ட், புஷ்ஷின் உள்குழாயோடு சேர்ந்தே துருவேறியிருக்கும். இறுகிய நிலையில் திருப்பினால் ரப்பர்தான் கிழியும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்துப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் அறுத்து எடுத்துப் புதுப் போல்ட் போட வேண்டும், அதைப் பட்டறைக்கு விட்டுவிடலாம்.

டோவுக்கு, டை ராடு அச்சுக்கு முன்னால் இருந்தால் அதை நீட்டும்போது டோ-அவுட், பின்னால் இருந்தால் டோ-இன். சுற்றுக்கு 1.5 மி.மீ. நகரும் புரியும் (திருகு மரை) 140 மி.மீ. ஸ்டீயரிங் கையும் என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்று அந்தச் சக்கரத்தை டயர் அளவில் 8 மி.மீ.க்கு மேல் நகர்த்தும். ஆகவே கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். திருப்பும் முன் ரப்பர் பூட்டின் கிளிப்பைத் தளர்த்துங்கள், இல்லையென்றால் பூட் முறுக்கிக் கிழிந்து ஸ்டீயரிங் ரேக்குக்குள் சேறு போகும். லாக் நட்டை இறுக்கிய பிறகு வண்டியை ஓட்டிக் கொண்டுவந்து மறுபடி அளக்க வேண்டும், இறுக்கும்போதே அரை மி.மீ. நகர்ந்துவிடும்.

சுசுகி ஜிம்னி வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. முன் அச்சு முழு அச்சு என்பதால் தூக்கினால் கேம்பரும் டோவும் மாறாது. ஆனால் அச்சைச் சேசிஸோடு இணைக்கும் ரேடியஸ் கை சரிவதால் அச்சு முன்னால் உருண்டு கேஸ்டர் குறையும்: கையின் நீளம் 850 மி.மீ. என்றால் 50 மி.மீ. உயரத்துக்கு 3.4 டிகிரி. அதற்குக் கேஸ்டர் திருத்தும் புஷ் அல்லது பிராக்கெட் வேண்டும். அச்சைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பேன்ஹார்ட் ராடு அதை ஒரு பக்கமாக இழுத்திருப்பதையும் அளந்து பாருங்கள்.

ஸ்டீயரிங்கின் நடு இடம் மாறியிருந்தால், விஎஸ்சி (வண்டி சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு) உள்ள வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரியலாம். ஸ்டீயரிங் சென்சாரை ஸ்கேனரால் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். டயர் கடையில் மெஷினில் போட்டுத் திருத்துவதாக இருந்தாலும், உங்கள் கேஸ்டர் எண்ணை எழுதிக் கொண்டுபோய், கேஸ்டரைத் திருத்திவிட்டு, திருத்தும் முன்பும் பின்பும் எடுத்த அளவுகளின் தாளைத் தரும்படி வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள். புது ஸ்பிரிங் இறங்கி அமர 500 முதல் 1000 கி.மீ. ஆகும். அப்போது யூ-போல்ட்டுகளை மறுபடி இறுக்கி, ஹப்-ஃபெண்டர் உயரத்தை முதலில் எழுதிவைத்த எண்களோடு ஒப்பிடுங்கள். 5 மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் நூலை மறுபடி கட்ட வேண்டும்.